இரண்டு கடையில் ஆறு பரோட்டா, வீட்டில் மூன்று சப்பாத்தி

கேள்வி: எனக்கு வயது 39. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். பாண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, தினமும் பைக்கில் போய் வருகிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வந்தது. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். பேலியோ இருந்து 11 கிலோ குறைத்தேன், பிறகு 15 கிலோ ஏறிவிட்டது. இப்போது காலையில் கறுப்புக் காபி மட்டும். மதியம் இரண்டு முட்டை, வெள்ளரிக்காய். சாயங்காலம் வரை வைராக்கியமாக இருப்பேன். ஆறரைக்கு ஆபீஸிலிருந்து கிளம்பினால் கன்னியக்கோயில் வந்ததும் வண்டி தானாக நின்றுவிடும். மூன்று பரோட்டா, ஒரு ஆம்லெட். ‘இந்த ஆளு இவ்வளவு தின்கிறானே’ என்று கடைக்காரர் நினைத்துவிடக் கூடாது என்று மிச்ச மூன்றை ரெட்டிச்சாவடியில் வேறு கடையில் சாப்பிடுவேன். ருசியெல்லாம் தெரியாது, உள்ளே போய்க்கொண்டே இருக்கும், நிறுத்த முடியாது. வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படி. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் மனைவி எனக்காக மூன்று சப்பாத்தி போட்டு வைத்திருப்பாள். சந்தேகம் வரக் கூடாது என்று அதையும் சாப்பிடுவேன். வாசனை தெரியாமலிருக்க வாயில் ஏலக்காய். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, ஆனால் குடிக்கிறவன் செய்கிற வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மனக்கட்டுப்பாடு வளர வழி சொல்லுங்கள். அடுத்த மாதம் மச்சினி கல்யாணம். அதற்குள் இதை நிறுத்தியாக வேண்டும்.
– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: அந்த ஏலக்காயில்தான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பரோட்டா வயிற்றில் கனப்பது நாலு மணி நேரம். ஏலக்காய் ஒரு வருஷமாகக் கனத்துக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் நீங்கள் கேட்ட மனக்கட்டுப்பாட்டுக்கு வருகிறேன்.

காலையிலிருந்து சாயங்காலம் ஆறரை வரை இரண்டு முட்டை, ஒரு வெள்ளரிக்காயோடு ஓட்டுகிறவருக்கு மனக்கட்டுப்பாடு போதவில்லை என்று யார் சொன்னது? என்னால் முடியாது. பதினோரு மணிக்கு எனக்கு வடை வேண்டும். உங்களிடம் கட்டுப்பாடு அளவுக்கு மேல் இருக்கிறது. கன்னியக்கோயிலில் வண்டியை நிறுத்துவதே அதுதான். இன்னும் கொஞ்சம் வைராக்கியத்தை ஊற்றினால் பரோட்டா ஆறு எட்டாகுமே ஒழிய மூன்றாகாது.

இரண்டாம் உலகப்போரின் கடைசியில், 1944 நவம்பரிலிருந்து ஒரு வருஷம், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள். உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறதா என்று சோதித்துப் பொறுக்கி எடுத்தவர்கள், தாங்களே விரும்பி வந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்குப் பாதி வயிற்றுச் சாப்பாடு, நாளுக்கு 1,600 கலோரிக்கும் குறைவாக. இன்றைக்கு வாட்ஸப்பில் சுற்றும் டயட் சார்ட் பலவற்றில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போல உட்கார்ந்து படித்தார்கள். பரிசோதனை முடிந்து இஷ்டம்போலச் சாப்பிடலாம் என்று விட்டபோது, சிலர் வயிறு வலிக்கும்வரை சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். அதற்கு முன்னால் அவர்கள் யாரும் தீனிப்பண்டாரம் இல்லை. பட்டினி போட்ட உடம்பு செய்கிற வேலை அது.

இதைத்தான் நீங்கள் வாரத்தில் மூன்று நாலு நாள் கடலூர் ரோட்டில் செய்துகாட்டுகிறீர்கள்.

இதற்குப் பெயர் உண்டா என்றால், உண்டு. கொஞ்ச நேரத்துக்குள் மற்றவர்கள் சாப்பிடுவதைவிடத் தெளிவாக அதிகம் சாப்பிடுவது, அப்போது நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, வேகமாக, பசியில்லாமலும், யாருக்கும் தெரியாமலும் சாப்பிடுவது, பிறகு தன்மேலேயே வெறுப்பு. வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதமாவது இப்படி நடந்தால் மனநல மருத்துவர்கள் இதை பிஞ்ச் ஈட்டிங் டிசார்டர் என்பார்கள். தமிழில் கட்டுமீறி உண்ணும் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இடம் பிடித்தது. ஆண்களுக்கும் வரும், நிறையவே வரும். சொல்லத்தான் மாட்டார்கள். ‘நல்லா சாப்பிடுற ஆம்பள’ என்று சுற்றியிருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கு இருப்பது அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் முத்திரை குத்த மாட்டேன். அடையாளங்கள் பெரும்பாலும் பொருந்துகின்றன, அவ்வளவுதான். கூடவே ஒன்று: சாப்பிட்ட பிறகு விரலை விட்டு வாந்தி எடுப்பதோ, பேதி மாத்திரை போடுவதோ இருந்து அதைக் கடிதத்தில் விட்டிருந்தால், இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். அது வேறு கதை, இதயத்தையே பாதிக்கக்கூடிய கதை.

சர்க்கரை மாத்திரை விஷயத்தையும் முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். எந்த மாத்திரை என்று எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய பயம் இல்லை. கிளிமிபிரைட் மாதிரியான மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை கீழே இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், அப்போது வருகிற பசி பேய்ப்பசி. அந்த நிலையில் பைக் ஓட்டுவது பரோட்டாவைவிட ஆபத்து. குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு வாரம் ஆபீஸிலிருந்து கிளம்பும் முன் பாருங்கள். 70க்குக் கீழே காட்டினால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொண்டு, சரியாகும்வரை வண்டியைத் தொடாமல் உட்காருங்கள். மறுநாளே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கீழே நான் சொல்லும் சாப்பாட்டு மாற்றத்தையும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, என்ன செய்வது?

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருக்கிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டே புக் மாதிரி, அன்றைக்கன்றைக்கு, அந்தந்த நேரத்தில். ராத்திரி படுக்கும் முன் மொத்தமாக நினைவுபடுத்தி எழுதினால் மனசு கணக்கைத் திருத்திவிடும். போனிலேயே எழுதலாம். மணி, இடம், என்ன சாப்பிட்டேன், கையை மீறிப் போனால் ஒரு நட்சத்திரக் குறி, அதற்கு முன்னால் என்ன நடந்தது. ஒரு வரி இப்படி இருக்கும்: ‘செவ்வாய், 6.55, கன்னியக்கோயில், பரோட்டா 3, ஆம்லெட், நட்சத்திரம். மதியம் ஒன்றுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. கிளம்பும்போது மேனேஜர் ஜிஎஸ்டி ஃபைலைத் திருப்பி அனுப்பினார்.’ கலோரி போட வேண்டாம். உங்களை நீங்களே திட்டியும் எழுத வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒருவருக்குக் கட்டம் கட்டமாகக் கலோரி அட்டவணை போட்டுக்கொடுத்திருக்கிறேன். மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. அட்டவணையைக் காட்ட வெட்கப்பட்டுத்தான் வரவில்லை என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

ஏழு நாள் எழுதிப் பார்த்தால் நட்சத்திரங்கள் எங்கே விழுகின்றன என்று தெரியும். என் ஊகம், மதியத்துக்கும் ஆறரைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஐந்தரை மணி நேரப் பள்ளத்துக்குப் பிறகுதான் விழும். மேனேஜர் இரண்டாம் பட்சம்.

இரண்டாவது வாரம்தான் வைத்தியம். கேட்டால் கோபம்கூட வரும்: நீங்கள் காலையில் சாப்பிட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறு தீனி, எந்த இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மணிக்குச் சாப்பிட வேண்டும். உங்கள் பசி இப்போது நின்றுபோன கடிகாரம், அதைப் பார்த்து மணி சொல்ல முடியாது. காலை எட்டுக்கு மூன்று இட்லி, சாம்பார், முட்டை வேண்டுமானால் முட்டை. பதினொன்றுக்கு ஒரு டம்ளர் மோர், கையளவு வேர்க்கடலை. ஒன்றரைக்குச் சோறு. ஆமாம், சோறுதான். டாக்டர் சொன்ன அளவில், காயும் பருப்பும் மீனும் கூட வைத்து. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸிலேயே ஒரு கிண்ணம் சுண்டல்.

மற்ற எதை விட்டாலும் இந்த ஐந்தரை மணிச் சுண்டலை விடாதீர்கள். கிளம்பும் அவசரத்தில் ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று தோன்றும். வீட்டுக்குப் போவதற்குள் நடப்பதுதான் நம் பிரச்சினையே. டப்பாவில் கொண்டுபோங்கள். பக்கத்து சீட்காரர் கேட்டால் ‘சுகர், டாக்டர் பிரிச்சுப் பிரிச்சுச் சாப்பிடச் சொல்லியிருக்கார்’ என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை.

எடை ஏறிவிடுமே என்ற பயம் வரும். தினமும் காலையில் எடை மெஷினில் ஏறிப் பார்க்கிறீர்கள் என்றால் அதை வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆக்குங்கள். ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர், உப்பு, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து தினசரி எண் ஒரு கிலோ இரண்டு கிலோ ஆடும், அந்த ஆட்டத்தைப் பார்த்து நீங்கள் இட்லியை நிறுத்துவீர்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வைத்தியத்தால் எடை பெரிதாகக் குறையாது. பிரிட்டனில் மருத்துவச் சிகிச்சைகளுக்கு வழிகாட்டி வகுக்கும் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்டதிலேயே இதை நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்றும், இந்தச் சிகிச்சை நடக்கும்போது எடை குறைக்கும் டயட்டில் இறங்காமலிருக்கச் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. கட்டுமீறிச் சாப்பிடுவது நின்ற பிறகு எடையைப் பற்றி உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசலாம். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கப் போய்த்தான் 11 குறைந்து 15 ஏறியது.

சாப்பாடு சீராக வந்தாலும் கன்னியக்கோயில் வந்ததும் கை தானாக இண்டிகேட்டரைப் போடும். ஒரு வருஷப் பழக்கம், தோசைக்கல்லில் பரோட்டாவைத் தட்டும் சத்தம் கேட்டாலே போதும். முதல் இரண்டு வாரம் முடிந்தால் பஸ்ஸில் வாருங்கள். உங்களுக்காகப் பரோட்டா கடையில் பஸ் நிற்காது. பைக்தான் என்றால் யாரையாவது பின்னால் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

அதுவும் இல்லாத நாளில், தனியாக வரும்போது ஆசை கிளம்பினால், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், கீழ்ப்படியவும் வேண்டாம். போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் சொல்லிக்கொடுத்த முறை இது. ஆசை அலை மாதிரி எழும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். வருகிற அலையை நெஞ்சால் முட்டினால் புரட்டிப்போடும், கூடவே எம்பினால் கடந்து போய்விடும். பெரும்பாலும் இருபது முப்பது நிமிஷத்தில் வேகம் குறைந்துவிடும். கன்னியக்கோயிலிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். ‘இப்போ உச்சியில இருக்கு, பெரியகங்கணாங்குப்பம் வரும்போது எப்படி இருக்குன்னு பார்ப்போம்’ என்று சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். பாலத்தில் ஏறும்போது பத்துக்கு எத்தனை, ஆல்பேட்டையில் எத்தனை என்று மதிப்பெண் போட்டுக்கூடப் பார்க்கலாம். முதல் நாள் இறங்காததுபோலத்தான் இருக்கும். நாலைந்து தடவை இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதன்மேல் இருக்கும் பயம் போகும்.

தோற்கிற நாளும் வரும். அன்றைக்கு முதல் பரோட்டா உள்ளே போனதும் மனசு ஒரு வசனம் பேசும்: முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு? இந்த வசனத்தை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். மிச்ச ஐந்து பரோட்டாவையும் வாங்கித் தருவது பசி இல்லை, இந்தப் பழமொழிதான். இரண்டாவது பரோட்டாவில் எழுந்துவிட்டால் அது இரண்டு பரோட்டா, ஆறு இல்லை. உங்கள் தொழிலில் ஒரு வவுச்சர் தப்பாகிவிட்டது என்று அந்த மாதக் கணக்கு முழுவதையும் கிழித்தா போடுகிறீர்கள்? அப்புறம் முக்கியமானது மறுநாள் காலை. ராத்திரி சாப்பிட்டதற்குப் பரிகாரமாக இட்லியை விட்டால் அடுத்த நட்சத்திரத்துக்கு அப்போதே அச்சாரம் கொடுத்துவிட்டீர்கள். எட்டு மணிக்கு இட்லி. வயிறு மந்தமாக இருந்தால் இரண்டு போதும், பட்டினி கிடையாது.

பரோட்டாவே கூடாதா? கூடும். சீராகச் சாப்பிட ஆரம்பித்து ஒரு மாதமாவது ஆகட்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், மனைவியோடு, தட்டில் இரண்டு பரோட்டா, உட்கார்ந்து, ருசி பார்த்து. ஒரு வருஷமாக நூற்றுக்கணக்கில் சாப்பிட்டும் ருசி தெரியவில்லை என்று எழுதியவர் நீங்கள்தானே.

இப்போது ஏலக்காய். மனைவியிடம் சொல்லுங்கள். இது இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது என்றே நினைக்கிறேன். வயிறு நிறைந்த பிறகும் மூன்று சப்பாத்தி சாப்பிடுகிறீர்களே, அது ரகசியத்துக்குக் கட்டும் வட்டி. எப்படிச் சொல்வது என்று திணற வேண்டாம். ‘சாயங்காலம் வரும்போது கடையில நிறைய சாப்பிட்டுடுறேன், நிறுத்த முடியல, வைத்தியம் ஆரம்பிச்சிருக்கேன்’ என்ற இந்த அளவு போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் காவல் காக்க வேண்டாம். ‘இன்னைக்கு நின்னீங்களா?’ என்று வாசலில் கேள்வி வந்தால் மறுபடி ஏலக்காய் பாக்கெட்டுக்கு வந்துவிடும். காலையில் இட்லிக்கும் சாயங்காலச் சுண்டலுக்கும் ஒத்தாசை செய்தால் அதுவே பெரிய உதவி. அவர் கோபப்படலாம், அழலாம். ‘நான் போடுற சப்பாத்தி பிடிக்கலையா’ என்று கேட்கலாம். அவர் சமையலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புரியவைக்க இந்தப் பதிலையே காட்டினாலும் சரி.

தனியாகச் செய்து பார்க்க நாலு வாரம் வையுங்கள். நட்சத்திரங்கள் குறையவே இல்லை என்றால் நேரில் ஆள் வேண்டும். கோரிமேட்டில் ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்கள் ஊரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. ‘சாப்பாட்டுப் பிரச்சினைக்கு மனநல டாக்டரா?’ என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். எழுதிய நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த முறைச் சிகிச்சைக்குச் சாதாரணமாக நாலு மாதம் பிடிக்கும். என்றைக்காவது உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டினால் நாலு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கல்யாணத்துக்குள் நின்றுவிடுமா என்றால், நிற்காது. நாலு நட்சத்திரம் இரண்டாகியிருந்தால் எனக்கு மகிழ்ச்சி. அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பந்தியில் வெட்டப்போகிறோமே என்று காலை டிபனைத் தவிர்க்காதீர்கள், மண்டபத்திலேயே பொங்கலோ இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள். மாப்பிள்ளை முறுக்கோடு பரிமாறுகிற பக்கம் நின்று எல்லோரையும் கவனித்துவிட்டுக் கடைசிப் பந்தியில் பசியோடு உட்காருவீர்கள், அது வேண்டாம். முதல் பந்தியிலேயே மனைவிக்குப் பக்கத்தில் இலை போடச் சொல்லி உட்காருங்கள். பாயசம் வந்தால் இலைக்கு மேல் கையை மறிக்க வேண்டாம். ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள்.